வீட்டுக்கு ஏற்ற செட்டாப் பாக்ஸ் எது?

மதுரைக் கடைத்தெருவில் வாங்கிய வானொலிப் பெட்டியை மும்பைக்கு எடுத்துச் சென்றாலும் அது பாடும்; கொல்கத்தாவுக்கு எடுத்துச் சென்றாலும் அது பேசும். ஒலிபரப்புகிறவர் யார், பெட்டியைச் செய்தவர் யார் என்னும் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. காற்றில் வரும் அலையைப் பிடித்து ஒலியாக்கித் தருவதோடு அதன் தொழில் முடிந்துவிடுகிறது. தொலைக்காட்சியோடு நாம் இணைக்கும் செட்டாப் பாக்ஸோ இந்தப் பொதுவிதிக்குப் புறம்பாக நிற்பது. ஒரு நிறுவனத்தார் கொடுத்த பெட்டியை மற்றொரு நிறுவனத்தாரின் கம்பியில் பொருத்திப் பார்த்தால் திரையில் படம் வருவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள், பழுது ஏதும் இல்லாத பொருள், ஒரே நாளில் வெறும் தகரப் பெட்டியாகிவிடுகிறது. இந்த விந்தை ஏன் நிகழ்கிறது, இதற்கு உட்பட்ட குடும்பத்தார் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் தொடங்கியது. அன்றுமுதல் நெடுங்காலம் படங்கள் அனலாக் முறையிலேயே அனுப்பப்பட்டன. அதாவது, காட்சியின் ஒளி கூடுவதும் குறைவதும் எவ்வாறோ அவ்வாறே மின்னலையும் கூடிக் குறைந்து ஓடும். 1990க்குப் பின் தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் தோன்றி, செயற்கைக்கோளிலிருந்து நிகழ்ச்சிகளை இறக்கிக் கம்பி வழியே வீடுகளுக்குக் கொடுத்தபோதும் முறை இதுவேதான். இம்முறையில் ஓர் அலைவரிசைக்கு ஏழு அல்லது எட்டு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இடம் முழுவதும் தேவைப்படுகிறது. ஆகவே ஒரு கம்பியில் நூற்றுக்கு மேல் அலைவரிசைகளை நுழைப்பது அரிதாயிற்று. டிஜிட்டல் முறையிலோ படம் எண்களாக மாற்றப்படுகிறது. எண்களைச் சுருக்கிக் கட்டலாம். வந்த காட்சியே மறுபடி வரும்போது அதை மீண்டும் அனுப்பாமல் விட்டுவிடலாம். பழைய முறையில் ஓர் அலைவரிசை படுத்திருந்த இடத்தில், இப்போது ஏறக்குறையப் பத்து அலைவரிசைகள் நெருக்கமின்றி உட்காருகின்றன.

இடநெருக்கடி ஒன்றே மாற்றத்துக்குக் காரணம் என்று எண்ணுதல் சரியன்று. பணமும் ஒரு காரணம். கேபிள்காரரிடம் எத்தனை வீடுகள் உள்ளன என்பதை எண்ணிப் பார்க்க அனலாக் காலத்தில் வழியே இல்லை. அவர் சொன்னதுதான் கணக்கு. ஆயிரம் வீட்டுக்குக் கம்பி இழுத்தவர் இருநூறு என்று சொன்னாலும் மறுப்பதற்குச் சான்று கிடையாது. இதனால் அலைவரிசை நடத்துவோருக்கும் வரி வாங்கும் அரசுக்கும் இழப்பு. வீட்டுக்கு வீடு எண்ணிடப்பட்ட பெட்டி ஒன்றை வைத்துவிட்டால் கணக்கு தானே வெளிப்படும் என்பது திட்டம் வகுத்தவர்களின் எண்ணமாக இருந்தது. பெட்டிக்குள்ளே பூட்டு வந்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

முதல் முயற்சியில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 2002இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, கட்டண அலைவரிசைகளைப் பெட்டியின் மூலமே பார்க்க வேண்டும் என்ற விதி வந்தது. பெருநகரங்களுள் சென்னை மட்டுமே 2003 செப்டம்பர் 1ஆம் நாள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டில்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நகரங்களின் சில பகுதிகள் 2006ஆம் ஆண்டின் முடிவில்தான் அம்முறைக்கு வந்தன. சென்னையில் அப்போது நடந்தது ஆராயத்தக்கது. இலவச அலைவரிசைகள் பெட்டியில்லாமலே தெரிந்தமையால், பெரும்பாலான குடும்பங்கள் பெட்டி வாங்காமலே காலத்தை ஓட்டின. பெட்டிக்காகச் செலவிடும் பணம் பயன் தருமா என்று ஐயுற்ற அந்த இல்லத்தரசிகளின் கணக்கை நாம் குறை சொல்வதற்கில்லை.

பிறகு 2011இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. இம்முறை எல்லா அலைவரிசைகளும் பெட்டி வழியாகவே வரவேண்டும் என்று ஆயிற்று. நாட்டை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31ஆம் நாளும், கோயம்புத்தூர் உள்ளிட்ட முப்பத்தெட்டு நகரங்களுக்கு 2013 மார்ச் 31ஆம் நாளும் கெடு. எஞ்சிய நகர்ப்புறங்களுக்கு 2015 டிசம்பர் 31. சிற்றூர்களுக்குப் பலமுறை தள்ளிவைத்த பின்னர் 2017 மார்ச் 31. சென்னையில் நீதிமன்ற வழக்குகளால் இது நெடுநாள் இழுபட்டது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017இல் உரிமம் பெற்றுத் தன் வாடிக்கையாளருக்குப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி நிலையங்களும் படிப்படியாக மூடப்பட்டன; முக்கிய எல்லைப்புறங்கள் போன்ற இடங்களில் ஏறத்தாழ ஐம்பது நிலையங்களை மட்டும் வைத்துக்கொள்வதென 2021இல் முடிவாயிற்று.

இந்தக் கெடுக்கள் நெருங்கிய நாட்களில் பல ஊர்களில் பரவிய ஒரு தவறான செய்தியை இங்கே நீக்குதல் நலம். டிஜிட்டல் வந்துவிட்டால் பழைய தொலைக்காட்சிப் பெட்டி பயன்படாது, புதியது வாங்கியே தீரவேண்டும் என்று எளிய மக்கள் பலர் அஞ்சினர். அந்த அச்சத்தை வளர்ப்பதில் விற்பனையாளர் சிலருக்கு ஆதாயமும் இருந்தது. உண்மை வேறு. செட்டாப் பாக்ஸ் என்பதே பழைய தொலைக்காட்சிக்காகப் பிறந்த துபாஷி. எண்களாக வரும் செய்தியைப் பழைய பெட்டிக்குப் புரியும் அலையாக மொழிபெயர்த்துக் கொடுப்பது அதன் வேலை. இருபது ஆண்டுப் பழமையான குழாய்த் திரைப் பெட்டியும் அதனுடன் ஒத்து வேலை செய்யும்.

இனி, ஒரு பெட்டி மற்றொரு வழிக்குப் பொருந்தாமற்போவதற்குரிய காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, வழி. செயற்கைக்கோளிலிருந்து கிண்ண ஆன்டெனா மூலம் வரும் அலையும், கேபிள் கம்பியில் வரும் அலையும், தரையிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் அலையும் வெவ்வேறு விதமாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. தொலைவான வானத்திலிருந்து வரும் அலை மெலிந்தது. பிழையைத் தாங்கும்படி அதைக் கட்டவேண்டும். கம்பிக்குள் ஓடும் அலை வலுவானது. அதில் நிறையச் சுமை ஏற்றலாம். ஆதலால் டி.டி.எச். பெட்டி கேபிளுக்கு ஆகாது. கேபிள் பெட்டி டி.டி.எச்.சுக்கு ஆகாது. இது இயற்கையான வேறுபாடு, யாரையும் நோவதற்கில்லை.

இரண்டாவது, சுருக்கும் முறை. எம்பெக்-2 என்பது பழைய முறை, எம்பெக்-4 பிந்தியது. பிந்தியது அதே படத்தை ஏறக்குறையப் பாதி இடத்தில் அடக்கிவிடும். நம் நாட்டின் தனியார் டி.டி.எச். சேவைகளுள் 2003இலும் 2006இலும் தொடங்கியவை எம்பெக்-2 முறையைக் கைக்கொண்டன. 2007இல் தென்னாட்டிலிருந்து தொடங்கிய சேவை எம்பெக்-4 முறையோடு வந்தது. புதிய பெட்டி பழைய முறையையும் படிக்கும். பழைய பெட்டிக்குப் புதிய முறை புரியாது. தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ் சேவையிலும் இவ்விரு முறைகளும் கலந்து வருகின்றன. ஆகவே அதற்கென மலிவாகக் கிடைக்கும் எம்பெக்-2 பெட்டி ஒன்றை வாங்கியவர், பக்கத்து வீட்டில் தெரியும் சில அலைவரிசைகள் தம் வீட்டில் தெரியாததைக் கண்டு திகைப்பார். வாங்கும்போதே எம்பெக்-4 பெட்டியைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

மூன்றாவதுதான் பூட்டு. பெட்டிகளின் பொருத்தமின்மைக்கு முதற்பெருங் காரணம் இதுவேயாதலின் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும். கட்டண அலைவரிசையின் படமும் ஒலியும் புறப்படும் இடத்திலேயே கலைக்கப்படுகின்றன. சீட்டுக்கட்டைக் கலைப்பது போன்ற செயல் இது. கலைத்த ஒழுங்கு தெரிந்தவரே மீண்டும் அடுக்க முடியும். அந்த ஒழுங்கைக் கூறும் திறவுச்சொல் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. திறவுச்சொல்லும் படத்தோடு கூடவே நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஆயினும் அது வேறொரு மறைமொழியில் எழுதப்பட்டு வருகிறது. அம்மறைமொழியை அவிழ்க்கும் இரகசியம் பெட்டியில் செருகியுள்ள சிறு அட்டையிலோ, அட்டையில்லாத பெட்டியானால் அதன் உள்ளிருக்கும் சில்லிலோ பதிந்திருக்கிறது. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் உண்டு. நாம் கட்டணம் செலுத்தியவுடன், இந்த எண்ணுள்ள அட்டை இன்ன அலைவரிசைகளைத் திறக்கலாம் என்ற ஆணை அலை வழியாகவே அனுப்பப்படுகிறது. கட்டணம் நின்றால் ஆணையும் நிற்கும், திரை இருண்டுவிடும். மறைமொழியை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்குகிறது. ஒருவர் பூட்டுக்கு மற்றவர் சாவி பொருந்துவதற்கு வழியே கிடையாது. இஃதன்றி, அட்டையும் பெட்டியும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் அட்டையை உருவி வேறு பெட்டியில் செருகினாலும் பயனில்லை.

இந்த இடர்ப்பாட்டை அரசு முன்னரே உணராமல் இல்லை. டி.டி.எச். சேவைக்கு 2001இல் வகுக்கப்பட்ட உரிம விதிகளிலேயே, பெட்டிகள் திறந்த அமைப்புடையனவாய் இருத்தல் வேண்டும், ஒரு நிறுவனத்தாரின் பெட்டி பிற நிறுவனத்தாரின் சேவைக்கும் பயன்படத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. இதற்குக் கண்ட வழி யாதெனில், பூட்டைப் பெட்டிக்குள் புதைத்துவிடாமல் தனித் தகட்டில் வைத்து, அத்தகட்டைச் செருகும் பொதுவாய் ஒன்றைப் பெட்டியில் அமைப்பது. நிறுவனத்தை மாற்றினால் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஏட்டளவில் இது செம்மையான ஏற்பாடு. நடைமுறையில் தகட்டின் விலை பெட்டியின் விலையோடு போட்டியிட்டது; கடைகளில் அது கிடைக்கவும் இல்லை. சுருக்கும் முறைகள் வேறுபட்ட பின்னரோ, தகடு கிடைத்திருந்தாலும் பழைய பெட்டியால் புதிய படத்தைப் படித்திருக்க முடியாது.

நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. வாடிக்கையாளரைச் சேர்க்கும் ஆவலில் அடக்க விலைக்கும் குறைவாக அவர்கள் பெட்டிகளைக் கொடுத்தனர். மாதக் கட்டணத்தில் அதை ஈடுசெய்வதே அவர்கள் எண்ணம். தாம் நட்டப்பட்டுக் கொடுத்த பெட்டியைக் கொண்டு வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போய்விடுவதை யார்தான் விரும்புவர்? எனினும் முழுவிலை கொடுத்து வாங்கியவரையும் இதே பூட்டில் சிக்கவைப்பது முறையன்று என்பதே நம் கருத்து. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் இப்பொருளை மீண்டும் எடுத்து ஆராய்ந்து, டி.டி.எச். பெட்டிகள் டி.டி.எச். நிறுவனங்களுக்குள்ளும் கேபிள் பெட்டிகள் கேபிள் நிறுவனங்களுக்குள்ளும் மாறிப் பயன்படும்படி கட்டாயமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வந்து ஆண்டுகள் பல சென்றும், அத்தகைய பெட்டி கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை. ஆகையால், பெட்டியைத் தேர்ந்தெடுப்பது என்பது இன்றும் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதாகவே முடிகிறது.

இனித் தேர்வு செய்யும் முறைக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் நம் தொலைக்காட்சியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகள் மூன்று இருந்தால் எல்லாச் சாதாரணப் பெட்டிகளும் பொருந்தும். அகன்று தட்டையான எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் எச்.டி. பெட்டி வாங்கி அதன் முழுத் தெளிவையும் பெறலாம். எச்.டி. பெட்டியை வாங்கிவிட்டு மஞ்சள் கம்பியால் இணைப்பவர்கள் பலர். அவர்கள் கூடுதல் விலை கொடுத்துச் சாதாரணப் படத்தையே பார்க்கிறார்கள். மிகப் பழைய தொலைக்காட்சிகளில் ஆன்டெனாக் கம்பிக்குரிய ஒரே ஒரு துளைதான் இருக்கும். அத்தகையோர், ஆன்டெனாத் துளை வழியே படம் கொடுக்கும் பெட்டி உண்டா என்று கேட்டு வாங்கவேண்டும். இல்லையேல் இடையில் ஒரு மாடுலேட்டரைச் சேர்க்க நேரும்.

அடுத்து, குடும்பத்தின் நிலை. சொந்த வீட்டில் நிலையாய் இருப்பவருக்குக் கேபிள் பொருந்தும். மழைக்காலத்தில் அதன் படம் எளிதில் கலையாது. பழுதென்றால் ஆளும் அருகிலேயே இருப்பார். உத்தியோக மாற்றத்தால் ஊர் ஊராய்ப் போகும் குடும்பத்துக்கோ டி.டி.எச். நன்று. நாக்பூரில் வாங்கிய டி.டி.எச். பெட்டியை, முகவரி மாற்றத்தை எழுதிக்கொடுத்து, கிண்ணத்தைச் சரியான திசைக்குத் திருப்பி, ஜாம்ஷெட்பூரிலும் பயன்படுத்தலாம். கேபிள் பெட்டி அந்த ஊர் எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் பயனற்றது. உறவினர் ஊர் மாறிப் போகும்போது அன்போடு விட்டுச்செல்லும் பெட்டியையும், சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெட்டியையும் நம்பி வாங்குவோர், அதன் எண் வேறொருவர் பெயரில் பதிந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மற்றொன்றையும் கேட்டறிதல் வேண்டும். வடநாட்டு நகரொன்றின் கேபிள்காரர் தம் தெருவில் பெரும்பான்மையோர் கேட்கும் மொழிகளையே முதன்மையாக வைத்திருப்பார். பெட்டிக்குப் பணம் கட்டுமுன், தமக்கு வேண்டிய தமிழ் அலைவரிசைகள் அவர் பட்டியலில் உண்டா, எத்தொகுப்பில் உண்டு, அத்தொகுப்பின் மாதக் கட்டணம் என்ன என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுதல் நல்லது. ஊர் மொழி அறியாத முதிய பெற்றோர் பகற்பொழுதில் தனித்திருக்கும் வீட்டில் இது அற்ப விஷயமன்று. 2019 பிப்ரவரி முதல் ஒவ்வோர் அலைவரிசையின் விலையும் தனித்தனியே அறிவிக்கப்பட்டு, வேண்டியதை மட்டும் தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது. கேபிள்காரர் கட்டிவைத்த பெருந்தொகுப்பையே வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மாதக் கட்டணமே இயலாத குடும்பத்துக்கு டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கிய இச்சேவைக்குக் கிண்ணமும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். பின்னர்க் கட்டணமே கிடையாது. ஆனால் அதில் தமிழ் அலைவரிசைகள் மிகச் சிலவே. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் மாறி டி.டி. தமிழ் ஆன தூர்தர்ஷன் அலைவரிசை அதில் கிடைக்கும். கிண்ணம் பார்க்கவேண்டிய செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அது தென்கிழக்குத் திசை. டில்லியில் தெற்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே. குவஹாத்தியில் ஏறக்குறைய நேர்தெற்கு. அத்திசையில் உயரமான கட்டடமோ மரமோ மறைக்குமாயின் வாங்கிப் பயனில்லை. திசையின் அருமையைப் பலர் 2010 ஜூலையில் உணர்ந்தனர். இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சக்திக் கோளாறு ஏற்பட்டபோது, அதை நம்பியிருந்த ஒரு டி.டி.எச். சேவை 91.5 பாகையிலுள்ள வேறொரு கோளுக்கு மாறியது. இரண்டே பாகை வேறுபாடு. அதற்காக வீட்டுக்கு வீடு ஆள் ஏறிக் கிண்ணத்தைத் திருப்பவேண்டியதாயிற்று.

பணம் கொடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பெட்டி யாருடையது? விலைக்கு விற்கிறார்களா, வாடகைக்குக் கொடுக்கிறார்களா என்பது ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாடகையாயின் முன்பணம் எவ்வளவு, திருப்பிக் கொடுக்கும்போது எவ்வளவு பிடித்துக்கொள்வர் என்பதும், விலைக்காயின் உத்தரவாதக் காலம் எத்தனை மாதம் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். 2012இல், நான்கு பெருநகரங்களில் கெடு நெருங்கிய காலத்தில், பெட்டிக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்களுள் பலர் அது தம் உடைமையா அன்றா என்பதை அறியாமலே கொடுத்தனர். பெட்டியின் அடிப்புறத்தில் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் பதிவெண் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். செட்டாப் பாக்ஸுக்கு அப்பதிவு கட்டாயம்.

ஒரு வீட்டில் இரண்டு தொலைக்காட்சிகள் இருந்தால் இரண்டு பெட்டிகள் வேண்டும். அனலாக் காலத்தில் செய்ததுபோல் கம்பியை நடுவில் பிரித்து அடுத்த அறைக்கு இழுத்தால் அங்கே படம் வராது. இரண்டாவது பெட்டிக்குக் கட்டணத்தில் சலுகை உண்டா என்று நிறுவனத்தாரைக் கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் கேட்டவருக்கு மட்டுமே சொல்கின்றன.

புதிய தொலைக்காட்சி வாங்க இருப்போர் இன்னொரு செய்தியையும் அறிதல் நலம். செயற்கைக்கோள் அலையைப் பெறும் கருவியைத் தொலைக்காட்சிக்குள்ளேயே அமைப்பதற்கான தரவிதியை இந்தியத் தரநிர்ணய அமைப்பு 2022இல் வகுத்தது. அவ்வாறு அமைந்த தொலைக்காட்சியில், கிண்ணத்திலிருந்து வரும் கம்பியை நேரே செருகினால், பூட்டில்லாத இலவச அலைவரிசைகள் தனிப்பெட்டி இல்லாமலே தெரியும். கட்டண அலைவரிசைகளுக்குப் பெட்டி வேண்டும் என்ற நிலையை இது மாற்றாது.

டி.டி.எச். நிறுவனம் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போகிறவர்கள், பெட்டி பயனற்றதாயிற்று என்ற சினத்தில் மாடியிலுள்ள கிண்ணத்தையும் எறிந்துவிட வேண்டாம். பூட்டு பெட்டியில்தான் இருக்கிறதே ஒழியக் கிண்ணத்தில் இல்லை. துருப்பிடிக்காத கிண்ணத்தையும், அதன் நுனியிலுள்ள அலைவாங்கியையும், சுவரோடு வரும் கம்பியையும் பெரும்பாலும் புதிய சேவைக்கு அப்படியே பயன்படுத்தலாம். திசையை மட்டும் திருப்பினால் போதும். பெட்டி பொருத்த வரும் ஆள் புதுக் கிண்ணத்துக்கும் சேர்த்து விலை சொல்வாரானால், பழையதைத் திருப்பிப் பார்த்த பிறகு பேசலாம் என்று அவரிடம் சொல்லலாம்.